குழாய் ஸ்பீக்கரில் ஏறாத சத்தம்

எங்கள் தோட்டத்து பேண்டில் நான் எட்டு ஆண்டுகள் பேஸ் கிட்டார் வாசித்தேன். முதல் ஐந்து ஆண்டுகள் அது யார் காதிலும் விழவில்லை. விழவில்லை என்பதால்தான் அம்மா என்னை வாசிக்கவே விட்டார்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் பேச்சில் கித்தாத் தோட்டத்தில், கல்யாணம் என்றால், ஒலிபெருக்கிக் கடைக்காரர் லோரியில் வந்து இறங்குவார். தென்னை மரத்துக்கு ஒன்றாகக் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டுவார். பாட்டு, கிட்டார், ஆர்கன், பேஸ் எல்லாமே அவருடைய ஒரே பெட்டிக்குள் போய் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். குழாய் ஸ்பீக்கருக்குக் கீச்சுச் சத்தம் என்றால் உயிர். பாடகர் தொண்டையைக் கனைத்தால் அடுத்த தோட்டத்தில் கேட்கும். பேஸ் கிட்டாரின் அடிச்சத்தம் மட்டும் அதில் ஏறாது. நாலு கம்பியையும் மாற்றி மாற்றி இழுத்தாலும், யாரோ தூரத்தில் நகம் வெட்டுகிற மாதிரி ஒரு டிக் டிக் வரும். அவ்வளவுதான்.

பேண்ட் அண்ணனுடையது. அவன் கிட்டார் வாசித்தான். முதலில் பேஸ் வாசித்தவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. பேஸ் கனமாக இருக்கிறது என்று சொல்லி எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஐந்து பேர் பேண்ட் என்று பெண் வீட்டில் சொல்லியாயிற்று.

"நீ சும்மா மாட்டிக்கிட்டு நில்லு லா," என்றான் அண்ணன். "வாசிக்கவே வேணாம். யாருக்குக் கேக்கப் போவுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சும்மா நிற்பதற்கு ஆள் வேண்டுமென்றால் பந்தல் வாசலில் கட்டுகிற வாழை மரத்தில் ஒன்றை அவிழ்த்து வந்து நிறுத்திக்கொள் என்றேன். காலையில் பாலுக்குக் கித்தா மரம் சீவிவிட்டு வந்து, அந்த வாரம் முழுக்க விரல் கொப்பளிக்கப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு பாட்டு தெரியும். அதில் நாலு பாட்டு ஒன்று போலவே இருந்தன.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். தோட்டத்துக் கித்தா ஆலையில் ரோலர் மெஷினில் இருபது ஆண்டு நின்றவர். மெதுவாகப் பேசி நாங்கள் பார்த்ததில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். கதவைத் தட்டினால் திறக்கமாட்டார். சரி, கோபமாக இருக்கிறார் என்று நாங்கள் அடுப்பங்கரை வழியாக உள்ளே போவோம். கோபக்காரி என்று தோட்டத்தில் அவருக்குப் பேர்.

"ஆம்பளைங்க நடுவுல நின்னு சினிமாப் பாட்டு வாசிச்சா, நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

அண்ணன் அவர் முகத்துக்கு நேரே போய் நின்று சொன்னான். "அம்மா, இவ வாசிக்கிறது யாருக்கும் கேக்காது. குழாய்ல அது ஏறாது. நீயே வந்து பாரு."

அம்மா வந்தார். முன் வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு மூன்று பாட்டு முழுக்க உட்கார்ந்திருந்தார். பிறகு வலப்பக்கம் இருந்தவரிடம், "அவ வாசிக்கிறது கேக்குதா?" என்றார். அவர் இல்லையென்று தலையாட்டினார். இடப்பக்கமும் கேட்டார். அவரும் தலையாட்டினார். அம்மா எழுந்து மேடைக்கு முன்னால் வந்தார்.

"ஆமா, கேக்கல," என்றார். "கேக்காத வரைக்கும் வாசி. என்னைக்குக் கேக்குதோ அன்னைக்கு எறக்கி வெச்சிடணும். அப்புறம் அதைத் தொடக் கூடாது."

சரி என்றேன். அந்தப் பாட்டில் அப்போது ஆர்கன்காரர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா போட்ட சத்தம் அவருக்கும் சேர்த்துத்தான் கேட்டது.

பேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் செய்தது. எனக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சி ரூசாவில் கடலோர ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த பேண்ட் கலைந்தபோது கை மாறி வந்தது. நடுவில் மஞ்சள், ஓரத்தில் கருஞ்சிவப்பு. கடல்காற்றில் கம்பி மாட்டும் திருகுகள் துருப்பிடித்திருந்தன. அவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். சத்தம் கூட்டுகிற குமிழ் உடைந்து போயிருந்தது. பற்பசை மூடி ஒன்றைச் சூடு பண்ணி அழுத்தி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

புதுக் கம்பி வாங்குவது கனவு. அதனால் பழைய கம்பிகளைக் கழற்றி, தண்ணீரில் கொதிக்க வைப்போம். வேர்வையும் அழுக்கும் கரைந்து, ஒரு மாதத்துக்குக் கம்பி கணீரென்று இருக்கும். ஒருமுறை அம்மாவின் சோற்றுப் பானையில் வைத்துவிட்டேன். அன்று அம்மா கத்தியது உண்மையாகவே கோபத்தில். அந்தக் கணீர் சத்தத்தையும் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கழுத்து வளைந்தது. கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. அண்ணனுக்குக் கித்தா ஷீட் காயவைக்கிற புகைக்கூடத்தில் வேலை. ஷீட்டிலிருந்து ஈரத்தை எடுக்கிற புகை, கிட்டாரிலிருந்து எடுக்காதா என்று கேட்டான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் ஷீட்டுகளோடு தொங்கவிட்டோம். ஈரம் போனது. பசையும் சேர்ந்து போனது. விரல் வைக்கிற பலகை கழுத்தை விட்டுக் கிளம்பி நின்றது. தச்சர் பசை தடவி, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கச் சுற்றி, மூன்று நாள் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த பேஸில் ஷீட் புகை வாசம் போகவே இல்லை. எங்கள் ஊரில் எல்லோருமே அந்த வாசம்தான் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

யாருக்கும் கேட்காதது எனக்கும் கேட்காது. ஆனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பேஸை உயரமாக மாட்டிக்கொண்டு, குனிந்து அதன் மேல் கொம்பில் தாடையை வைத்து அழுத்தினால், கம்பியின் அதிர்வு எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் முழுதாகக் கேட்கும். தும் தும் என்று அவ்வளவு பெரிய சத்தம். உலகத்தில் எனக்கு மட்டும். பிற்பாடு எல்லாக் கல்யாணத்திலும் அப்படியேதான் நின்றேன். பல் வலி என்று நினைத்து, ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் ஆண்டு எங்கள் டிரம்ஸ்காரர் அந்தப் பெட்டியைச் செய்தார். சிரம்பான் பக்கம் லோபாக்கில் ரேடியோ பழுது பார்க்கிறவர். மூடிப்போன தியேட்டர் ஒன்றிலிருந்து சட்டி அகலத்தில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி, கனத்த பலகையில் பெட்டி அடித்து, பேஸுக்கென்றே தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் வைத்தார். வீட்டு வாசலில் போட்டுப் பார்த்தோம். ஒரு கம்பிதான் இழுத்தேன். பக்கத்து வீட்டுத் தகரம் அதிர்ந்தது. அண்ணன் சிரித்தான். நான் கம்பியை உள்ளங்கையால் அமுக்கினேன். நல்ல வேளை, அம்மா ஆலையில் இருந்தார்.

"அம்மாவுக்குக் கேட்டா அன்னைக்கோட முடிஞ்சுதுண்ணே," என்றேன்.

"அஞ்சு வருசமா அம்மணி வாசிக்கிறீங்க. ஒரு நாளாவது கேக்க வேணாமா?" என்றார் டிரம்ஸ்காரர்.

அடுத்த கல்யாணம் எங்கள் தோட்டத்து மண்டபத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பலகைத் தரை. அம்மா முன் வரிசையில். நான் ஒரு முடிவோடு மேடை ஏறினேன். பற்பசை மூடியைக் கடைசி வரை திருகிச் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டேன். ஐந்து ஆண்டு கேட்காமல் வாசித்தவளுக்கு இன்னும் ஐந்து ஆண்டு கஷ்டமில்லை. கேட்கிற மாதிரி ஒரு நாள் வாசிப்பதைவிட, கேட்காமல் எப்போதும் வாசிப்பது மேல் என்று தோன்றியது. அண்ணன் முறைத்தான். நான் தாடையைக் கொம்பில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாட்டில், மேடைக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சிரப் தண்ணீரை உறிஞ்சியபடி பக்கத்து ஆளிடம் சொன்னார். "அந்தப் பொண்ணு வாசிக்கல பாரு. சும்மா அழகுக்கு நிறுத்தி வெச்சிருக்கானுங்க. தூங்குது வேற."

இதை நான் ஐந்து ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். அன்று ஏனோ முடியவில்லை. கை தானாகப் போய் மூடியைத் திருகியது. கொஞ்சம்தான் திருக நினைத்தேன். பற்பசை மூடிக்குக் கொஞ்சம் என்று ஒன்று கிடையாது.

மண்டபத் தரை முழுக்க ஒரு முறை நடுங்கியது. மேசையில் அடுக்கியிருந்த கிளாஸ்கள் கிணுகிணுத்தன. அந்த ஆள் சட்டையில் சிரப் கொட்டிக்கொண்டார். எனக்குத் தாடையை வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா முதலில் தன் காலடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்தார்.

நேராக மேடைக்கு வந்தார். பிளக்கைப் பிடுங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பான், குறுக்கே ஒரு அடி வைத்தான். அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். பாட்டு முடியும் வரை எடுக்கவில்லை. பிறகு போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, நானே பேஸை எடுத்து மடியில் வைத்துக் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். சொன்ன சொல் சொல்தான். அழுகை வந்தது, அழுதேன். மூன்று கம்பி கழற்றியபோது அம்மா ஆலையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஏன் கழட்டுற?"

"கேட்டுருச்சில்ல. எறக்கி வெக்கச் சொன்ன."

"தலைய நிமித்திச் சொல்லு."

நிமிர்ந்து மறுபடியும் சொன்னேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான் பார்ப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நேத்து அவன் என்ன பாட்டு பாடுனான்?" என்றார்.

"எந்தப் பாட்டு?"

"எந்தப் பாட்டும் எனக்கு விழல புள்ள. வாய் அசையுது, கை அசையுது. ஒன்னோடது மட்டும்தான் வந்துச்சு. கால்ல வந்துச்சு, அப்புறம் கையில வந்துச்சு, காதுலயும் வந்துச்சு."

"அப்ப மொத கல்யாணத்துல? உக்காந்து கேட்டியே. நான் வாசிக்கிறது கேக்கலன்னு சொன்னியே."

"அன்னைக்கு யாரு வாசிச்சதும்தான் கேக்கல. குழாய்ல என்னமோ கரகரன்னுச்சு. பக்கத்துல கேட்டேன், கேக்கலன்னாங்க. நானும் கேக்கலன்னேன்." கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "வேலைய மேய்க்கிற மண்டோருக்குத் தெரிஞ்சா மெஷின்லேருந்து எடுத்துருவான். அண்ணன்கிட்டகூடச் சொல்லாத."

அடுப்பங்கரை வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் எனக்கு நினைவுக்கு வந்தன. கோபக்காரி என்று ஊரே சொன்னது. நாங்களும்தான் சொன்னோம்.

"இப்ப வாசி," என்றார்.

பெட்டி லோபாக்கில் இருந்தது. பேஸில் மிச்சம் இருந்தது ஒரே கம்பி, ஆகத் தடித்தது. நான் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, கொம்பைக் காட்டி, என் தாடையைத் தட்டிக் காட்டினேன். அம்மா குனிந்து தாடையை வைத்தார். முகத்துக்கு அருகே ஷீட் புகை வாசம் அடித்திருக்க வேண்டும், மூக்கைச் சுளித்தார். நான் கம்பியை இழுத்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் முழுக்க அடங்கிய பிறகும் எடுக்கவில்லை.

"இன்னொரு தரம்," என்றார்.

இழுத்தேன். பல தரம் இழுத்தேன். இடது கையை நான் கழுத்தில் வைக்கவே இல்லை. அது பாட்டே இல்லை, ஒரே கம்பியின் ஒரே சத்தம். யார் இழுத்தாலும் அப்படித்தான் வரும்.

"நல்லாத்தான் வாசிக்கிற," என்றார் அம்மா.

நான் அவரைத் திருத்தவில்லை. மறுபடியும் இழுத்தேன்.