அத்தானின் நாக்கு

என் அக்கா வீட்டுக்காரரைத் தொழிற்சாலையில் எல்லோரும் 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் நாக்கு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் நாக்கு. பாக்கெட் சூப் தயாரிக்கும் கம்பெனியில் ருசி பார்ப்பது அவருடைய வேலை. வெள்ளை ஓடு பதித்த ஓர் அறை, நீள மேஜை, வரிசையாகக் கிண்ணங்கள், துப்புவதற்கு ஒரு டம்ளர். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் உருட்டி, துப்பிவிட்டு, குறை என்னவோ அதைச் சொல்ல வேண்டும். உப்பு தூக்கல், மிளகு பத்தாது, வெங்காயப் பொடி கசக்கிறது. குறை இல்லையென்றால் 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போக வேண்டும். 'நல்லா இருக்கு' என்ற பேச்சுக்கே அந்த அறையில் இடமில்லை. நன்றாக இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு எந்த மெஷினைத் திருத்துவது என்று கேட்பார்களாம்.

கம்பெனிக்கு அது சரியாக இருக்கலாம். அத்தான் அதை அப்படியே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

அக்கா எது சமைத்தாலும் முதல் ஸ்பூன் அவருக்கு. அவர் தீர்ப்பு சொல்லும்வரை வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டில் துப்பமாட்டார், அந்த மட்டில் புண்ணியம். கண்ணை மூடிக்கொண்டு, "புளிப்பு ஒரு சொட்டு கூட," என்பார்.

"மத்தபடி?" என்பாள் அக்கா.

"மத்தபடி ஒண்ணும் இல்ல."

பிறகு தலையைத் தூக்காமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார். அக்கா கரண்டியும் கையுமாக நின்றுகொண்டே இருப்பாள். அந்த 'மத்தபடி'யில் அவள் என்ன கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனைக்குக்கூடப் புரிந்திருக்கும். அவருக்கு மட்டும் புரியவில்லை.

நகரத்தில் இருந்தவரை அக்காவும் ஒரு துணிக்கடையில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் அலுத்துக் களைத்து வந்து, கம்பெனியில் சும்மா கொடுக்கும் பாக்கெட்டைக் கத்தரித்து வெந்நீரில் கலக்குகிற நாட்கள்தான் அதிகம். அத்தானுக்கு அந்த வாசனையே ஆகாது. "தக்காளியக் கண்ணால பார்க்காத தக்காளி சூப்பு. இதுக்கு என் நாக்கு சாட்சி," என்று முணுமுணுத்துக்கொண்டே குடிப்பார்.

ஓய்வு பெற்றதும் அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே கிணறும் கொஞ்சம் நிலமும் உள்ள ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். குடி போன அன்றே அறிவிப்பு வந்துவிட்டது.

"இனிமே பாக்கெட்டுன்னு ஒண்ணு இந்த வாசப்படி ஏறக் கூடாது. ரொட்டியிலேருந்து வெண்ணெய் வரைக்கும் நம்ம கையால செய்யறதுதான். எளிமையான வாழ்க்கை!"

எளிமை என்று சொன்னது அவர். இடுப்பொடிந்தது அக்காவுக்கு. மாவு பிசைவதும் பால் கடைவதும் அடுப்பை ஊதுவதுமாக ஒரு நாள் போய்விடும். அவரைச் சும்மா சொல்லக் கூடாது, விறகு பிளந்தார், பாத்திக்குத் தண்ணீர் இறைத்தார், கோழிக் கூண்டைக் கழுவினார். அக்காவுக்கும் அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. முதலில் அவள் சுட்ட ரொட்டியால் ஆளை அடித்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். போகப் போகக் கை பழகி, மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் வர ஆரம்பித்தது. அந்தக் கோடையில் அவள் போட்ட தக்காளி கிளை தாங்காமல் காய்த்தது. அதில் அவள் வைத்த சூப்பை நான் குடித்திருக்கிறேன். கிண்ணத்தை வழித்து நக்கினேன், வெட்கமே படவில்லை.

அத்தான் சொன்னார்: "பூண்டு கொஞ்சம் முந்திக்குது."

"மத்தபடி?"

"மத்தபடி ஒண்ணும் இல்ல."

அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள். "டேய் தம்பி, ஒரே ஒரு தடவை அவரு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாப் போதும்டா. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ல வேண்டாம். அவரு நாக்கு பொய் சொல்லாது, அதனாலதான் எனக்கு அது வேணும்."

"நான் சொல்லட்டுமா அவர்கிட்ட?"

"சொல்லிக் கொடுத்து வந்தா அது எனக்கு எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

மழைக்காலத்தில் அத்தானுக்குக் கடுமையான ஜலதோஷமும் காய்ச்சலும் வந்து, நல்லவேளையாகச் சரியாகிவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் முதல் ஸ்பூனும் தீர்ப்பும் பழையபடி தொடங்கிவிட்டன.

அடுத்த கோடையில் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பம்பு ரிப்பேர்தான் என் பிழைப்பு. அடுப்பில் தக்காளி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க அக்காவைக் கூப்பிட்டேன், அவளும் அவசரத்தில் சமையலை அப்படியே பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். வேலை முடிந்து கை கழுவி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

அத்தான் முதல் ஸ்பூனை எடுத்தார். கண்ணை மூடினார். "உப்பு ஒரு கல்லு தூக்கல்," என்றார்.

"மத்தபடி?"

"மத்தபடி ஒண்ணும் இல்ல."

நான் ஒரு வாய் குடித்தேன். உப்பே இல்லை. பேருக்குக்கூட இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவளும் ஒரு வாய் குடித்துவிட்டு ஸ்பூனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வழக்கம்போல இன்னொரு தடவை வாங்கிக் குடித்தார். உப்பு ஜாடியை யாரும் எடுக்கவில்லை.

சாப்பிட்டதும் அவரைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதாகத்தான் இருந்தேன்.

"அத்தான், சூப்புல உப்பே இல்ல."

அவர் முகம் செத்துப்போனது. குட்டு உடைந்தபின் மறைக்கவும் தெரியவில்லை அவருக்கு.

"அந்தக் காய்ச்சலோட போச்சு மாப்ளே. ருசியும் இல்ல, வாசனையும் இல்ல. எது போட்டாலும் வெறும் வெந்நீர்தான், வெறும் பஞ்சுதான். டாக்டரைப் பார்த்தேன். நரம்பு சமாசாரம், வந்தா வரும், வராமலும் போகும்னுட்டார்."

"அப்போ இத்தனை நாளா சொன்ன உப்பு, புளிப்பு, மிளகு எல்லாம்?"

"பழைய ஞாபகத்துல ஏதாவது ஒண்ணை எடுத்து விடறதுதான். நாக்கு இல்லேன்னா நான் யாரு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுமே தெரியாதப்ப, வாய்க்கு வந்தபடி நல்லா இருக்குன்னு விட வேண்டியதுதானே? அதுல என்ன குறைஞ்சு போச்சு?"

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள்ளேயே பார்த்தார். "போன கோடையில அவ வெச்ச சூப்பு இருக்கே, ஆயுசுல நான் அப்படி ஒண்ணு குடிச்சதில்ல. இதுக்காகத்தான் இங்க வந்தோம்னு நெனைச்சேன். தொண்டை வரைக்கும் வந்துச்சு மாப்ளே. பூண்டு முந்திக்குதுன்னுதான் வெளிய வந்துச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

"இப்பவே போய்ச் சொல்லுங்க," என்று அவர் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். நான் செய்தது உதவியா உபத்திரவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா மறுநாளைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். "சூப்பு நல்லா இருந்துச்சு," என்றார். "இன்னிக்கு இல்ல. போன வருஷம். நிஜமாவே நல்லா இருந்துச்சு."

அக்கா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "எப்பலேருந்து உங்களுக்கு ருசி தெரியல?"

"மழைக்காலத்துலேருந்து."

"போன வருஷம் தெரிஞ்சுது இல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்போ பூண்டுன்னுதானே சொன்னீங்க," என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அதுக்கப்புறம் நான் பூண்டைக் குறைச்சுட்டேங்க. அந்த சூப்பு எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு."

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. ரொட்டி இப்போதும் வீட்டில்தான் வேகிறது, பாக்கெட் எதுவும் வாசற்படி ஏறவில்லை. முறை மட்டும் மாறிவிட்டது. முதல் ஸ்பூன் இப்போது அக்காவுக்கு. அத்தான் கைகட்டி உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

போன வாரம் போயிருந்தேன். புதுத் தக்காளி. அக்கா ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு சரியா இருக்கு. புளிப்பு ஒரு சொட்டு கூட."

"மத்தபடி?" என்று கேட்டார் அத்தான்.

அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதேயில்லை. அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்தது.

"மத்தபடி ஒண்ணும் இல்லங்க," என்றாள்.