லாபம், ரெண்டு, மூணு

பழைய கிரேக்க ஞானி ஒருவர் தன் நூலுக்குள் சங்கீதத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஒரு கட்சி உண்டு. நூலின் வரிகளை எண்ணிப் பன்னிரண்டு சம பங்காக்க வேண்டும். ஒரு தந்தியையும் அப்படியே பன்னிரண்டாகக் கோடு போட வேண்டும். தந்தியில் ஆறு, எட்டு, ஒன்பதாம் கோடுகளில் ஸ்வரம் இனிமையாகச் சேரும். நூலிலும் அந்த இடங்களில் நல்லதே பேசுவார்கள். பதினொன்றில் அபஸ்வரம், நூலிலும் சண்டை. இதை நிரூபிக்கிறேன் என்று கிளம்பிய கணக்கு வாத்தியார் நான். பன்னிரண்டு வருஷம். பங்குக்கு ஒன்று.

கிழக்குத் தாம்பரத்தில் என்னை மதித்துக் கேட்ட ஒரே ஆள் என் சிநேகிதன். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். மரப்பெட்டியில் ஒற்றைத் தந்தி கட்டி, பன்னிரண்டு கோடும் மயிரிழை பிசகாமல் கீறிக் கொடுத்தான். எனக்குக் கண்புரை அறுவை நடந்தபோது நூலின் முதல் பாதியை எண்ணிக் கொடுத்ததும் அவன்தான்.

"இன்னா மச்சான் இது, எறும்பு மையில வுழுந்து நடந்தா மாதிரி கீது!"

"படிக்க வேணாம்டா. வரியை மட்டும் எண்ணு."

ஒவ்வொரு பக்கத்திலும் "லாபம்" என்று உரக்க ஆரம்பிப்பான். அப்புறம் வாய்க்குள் முணுமுணுப்பு. கடைசியில் "முப்பது" என்பான். பக்கத்தின் உச்சியில் இருக்கும் நூல் தலைப்பையும் சேர்த்து எண்ணுகிறான், அதற்குத்தான் லாபம் என்று பேர் வைத்திருக்கிறான் என்று நானாகவே முடிவு செய்து, பக்கத்துக்கு ஒன்று கழித்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். மேதைகள் கேட்பதில்லை.

மறுபாதியை நானே எண்ணினேன். கூட்டினால், அற்புதம்! ஆறாம் இடத்தில் நீதி, எட்டில் நட்பு, ஒன்பதில் அன்பு, பதினொன்றில் ரகளை. நகரத்தில் ஒரு கருத்தரங்கில் வாசிக்க ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை. வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த ஒரே சனிக்கிழமை.

புதன்கிழமை பெட்டிக்குப் புதுத் தந்தி மாட்டப் பட்டறைக்குப் போனேன். சிநேகிதன் போல்ட்டுகளை எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

"லாபம், ரெண்டு, மூணு..."

"ஒண்ணு எங்கடா?"

"அதான் லாபம். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா யாவாரம் ஒத்தையா நின்னுடும்னு எங்க அத்தா சொல்லுவாரு. நாங்க எதை எண்ணினாலும் அப்டித்தான்."

"நம்ம புஸ்தகத்துலயுமா?"

"பின்ன? நீதான் வரியை மட்டும் எண்ணுன்னியே, மேல கீற தலைப்பை வுட்டுட்டேன்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கழித்ததையெல்லாம் திருப்பிச் சேர்த்தேன். நூலின் நடுப்புள்ளி இரண்டு பக்கம் பின்வாங்கியது. நீதி இருந்த இடத்தில் யாரோ மீன் சுடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டும் ஒன்பதும் கூடவே நகர்ந்து, நட்பும் அன்பும் போயின.

அவன் முகம் செத்துவிட்டது. "ரெண்டு பக்கம்தானே மச்சான்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாங்களா?"

நானும் அதைத்தான் நினைத்தேன். நினைத்தபடியே வீட்டுக்கு வந்து, மிக்சியோடு வந்த கையேட்டை எடுத்துப் பன்னிரண்டாகப் பிரித்தேன். கொஞ்சம் முன்பின் தள்ளிக்கொண்டேன். ஆறில் 'வாழ்த்துக்கள்', எட்டில் 'உத்தரவாதம்', பதினொன்றில் 'மின் அதிர்ச்சி அபாயம்'. ஞானியை விட மிக்சிக்குச் சுருதி சுத்தம். சிரித்தேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, அழறீங்களா?" என்றாள்.

தள்ளிக்கொண்டால் எதிலும் சங்கீதம் வரும். பன்னிரண்டு வருஷமாக நான் கேட்டது அவருடைய பாட்டு அல்ல, என் ஆசையின் ரீங்காரம். அவர் எதையாவது ஒளித்தே வைத்திருந்தாலும், இனி அதைக் கேட்கிற காதை நானே நம்பமாட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். சரியாக எண்ணினேன், இரண்டே வரி.

சனிக்கிழமை காலை பத்து மணி, நான் பேசியிருக்க வேண்டிய நேரம். பெட்டியை மடியில் வைத்து ஆறாம் கோட்டில் விரல் அழுத்தி மீட்டினேன். மேல் ஸா, சுத்தமாக. சிநேகிதன் கீறிய கோட்டில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.