இந்த முறை சாகாத அப்பா

இன்று பள்ளி முடிந்து வரும் வழியில், எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டின் மளிகைக் கடையில் சூசை அங்கிளைப் பார்த்தேன். டிவி நாடகங்களில் முதல் வாரமே இறந்துபோகும் அப்பா என்றால் அது அவர்தான்.

கடைக்கார அக்கா சிரித்தார். "அண்ணே, போன வாரந்தானே உங்க படத்துக்கு மாலை போட்டாங்க?"

"அது பழைய நாடகம் லா. புதுசுல கடைசி வரைக்கும் உயிரோட இருக்கற அப்பா வேஷம். கிடைக்கணும்னா இன்னிக்குள்ள நடிச்சு வீடியோ அனுப்பணும். மக வசனம் படிக்கத்தான் ஆளில்ல," என்றவர் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ படிக்கிறியா?"

அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று படித்தேன். அக்கா அங்கிளுடைய போனில் படம் பிடித்தார். வீட்டை விட்டுப் போகாதே என்று அங்கிள் கெஞ்சியதும் அக்கா அழுதுவிட்டார், போன் ஆடிவிட்டது. மறுபடியும் எடுத்து அனுப்பினோம்.

நான் சார்டின் மீன் டின் வாங்கி முடிப்பதற்குள் இயக்குநரின் பதில் வந்துவிட்டது: "ஓகே அண்ணே, திங்கக்கிழமை வந்துருங்க."

அங்கிள் எங்கள் இரண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

"அந்த மகளுக்கு அப்புறம் என்ன ஆகும் அங்கிள்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"அவ முதல் வாரமே செத்துருவா பாப்பா."

அவ்வளவு உருக்கமாகப் படித்தேனே! இயக்குநரைத் தெரிந்தவர்கள் யாராவது அந்த மகளைச் சாகடிக்க வேண்டாம் என்று எனக்காக ஒரு வார்த்தை பேசுங்களேன்.