எக்கோவுக்குப் போட்ட இரண்டு நட்சத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தபோது, அக்கா மகள் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவளுடைய கல்லூரித் தோழிகள் சேர்ந்து ஒரு பாட்டு ஆல்பம் வெளியிட்டிருக்கிறார்களாம்.

"சித்தி, இதுல அஞ்சு ஸ்டார் அமுக்குங்க."

"கேட்டுட்டு அமுக்குகேன், மக்கா."

"கேக்கணும்னு இல்ல. அமுக்கினா போதும்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. உங்களிடம் இதுவரை சொன்னதில்லை, ஒரு காலத்தில் நான் நட்சத்திரம் போட்டுச் சம்பளம் வாங்கியவள்.

படிப்பு முடித்த கையோடு நாகர்கோவிலில் ஒரு மாதப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. கீழே சிப்ஸ் கடை, மாடியில் பத்திரிகை ஆபீஸ். காலையில் கடையில் ஏத்தன் வாழைக்காய் சீவி எண்ணெயில் போட்டார்கள் என்றால், அந்தத் தேங்காயெண்ணெய் வாசனை படியேறி வந்து எங்கள் தாள், நாற்காலி, என் தலைமுடி எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்குப் பாட்டுதான் ஞாபகம் வருகிறது. அப்போது கேசட் போய் சிடி வந்திருந்த நேரம். மார்த்தாண்டத்திலிருந்து கொட்டாரம் வரைக்கும் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ. பங்குத் திருவிழாவுக்கு ஒரு ஆல்பம், கோயில் கொடைக்கு ஒரு ஆல்பம், தர்கா கந்தூரிக்கு ஒரு ஆல்பம். வந்து குவிகிற சிடிகளுக்கு மதிப்புரை எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவது என் வேலை.

அதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருந்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் குழுத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைச்சா போதும், பிள்ளே" என்று சொன்னார். அன்றிலிருந்து பக்கத்தில் பாடுகிறவர்களைக் கவனித்துக் கேட்க நிறைய நேரம் கிடைத்தது. அவ்வளவுதான் தகுதி. ஆபீஸில் இருந்த ஹெட்போனில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் ஒரு தடவை வலது காதில், ஒரு தடவை இடது காதில் கேட்பேன்.

நான் வருவதற்கு முன்பு எல்லா ஆல்பத்துக்கும் நான்கு நட்சத்திரம் விழுந்துகொண்டிருந்தது. பின்னட்டை விளம்பரம் தருகிற ஸ்டுடியோ என்றால் நாலரை. எங்கள் ஆசிரியர் நல்ல மனிதர், யார் முகமும் வாடுவதைப் பார்க்கச் சகிக்காதவர். "கொடுக்கதுக்கு நமக்கென்ன குறையப் போவுது" என்பார்.

இப்படி இருக்கும்போது முட்டத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண்ணின் ஆல்பம் வந்தது. குவைத்தில் நர்சாக இருக்கிறவர், லீவில் வந்து பாடிப் பதிவு செய்தது. பாட்டுகளும் அவர் எழுதியவை. கடலுக்குப் போனவர்கள் திரும்பும்வரை கரையில் இருக்கும் பெண்கள் சொல்லும் ஜெபம் போன்ற பாட்டுகள். வரிகளை உறையில் படித்தபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் சிடியைப் போட்டால் கீபோர்டு, ஆர்மோனியம், டிரம்ஸ், புல்லாங்குழல், எல்லாவற்றுக்கும் மேலே எக்கோ. ஒரு சொல்லை அவர் பாடினால் மூன்று பேர் தூரத்திலிருந்து அதையே திருப்பிச் சொல்வதுபோல் இருந்தது. இரண்டு காதிலும் கேட்டேன். "பாடியவரின் குரலை எங்கும் கேட்க முடியவில்லை" என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். ஆசிரியர் அந்த வாரம் மகளைப் பார்க்கத் திருவனந்தபுரம் போயிருந்தார். பக்கம் அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.

இதழ் வெளிவந்த மறுநாளே ஸ்டுடியோக்காரர் போனில் கத்தினார். பின்னட்டை விளம்பரம் அவருடையது. ஆசிரியர் வியர்த்துப்போய், கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை என் முன்னால் வைத்தார். 'சென்ற இதழில் நான்கு நட்சத்திரம் என்பது தவறுதலாக இரண்டு என அச்சாகிவிட்டது. வருந்துகிறோம்.'

"அடுத்த மாசம் இத போட்டுருவோம், மக்களே. பெறவு எல்லாம் சரியாயிரும்."

"அச்சுப்பிழை இல்ல சார். நான் கேட்டுத்தான் போட்டேன்."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாண்டாம்."

"போடுறதுன்னா என் பேரை எடுத்துட்டுப் போடுங்க சார். வேலையையும் வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

சொன்னபிறகு எனக்கே பயமாக இருந்தது. வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட முடியாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன்.

மறுநாள் நல்ல மழை. குடையை மடக்கித் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் படியேறி வந்தார். கையில் எங்கள் இதழ்.

"இத எழுதினது யாரு?"

நான் எழுந்து நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு சின்னப் பெண்ணை அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

"நான்தான் ஸ்டெல்லா. ரெண்டு நட்சத்திரம் எனக்கா, அந்த எக்கோவுக்கா?"

"உங்க குரல் எனக்குக் கேக்கவே இல்ல. எக்கோவுக்குத்தான் போட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அதத்தான் நானும் அந்த ஸ்டுடியோ அண்ணன்கிட்ட சொன்னேன். எனக்க சத்தம் எங்கன்னு கேட்டேன். கேக்கவே மாட்டேன்னுட்டாரு. இப்ப நீங்க கேளுங்க."

பாடினார். மழைச் சத்தம், கீழே சிப்ஸ் பொரிகிற சத்தம், இவற்றுக்கு நடுவில் எந்த வாத்தியமும் இல்லாமல் ஒரு பாட்டு முழுவதையும் பாடினார். கொஞ்சம் கரகரப்பான குரல். கரையில் நின்று தூரத்தைப் பார்த்துக் கூப்பிட்டுப் பழகிய குரல். ஆசிரியர் தன் அறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும், நல்ல சேதி சொல்கிறோம் என்ற நினைப்பில், அந்த வருத்தத் தாளை எடுத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

அவர் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அச்சுப்பிழையா? இல்லியே சார். இவிய சரியாத்தானே போட்டிருக்காவ. ரெண்டு அங்கினயே நிக்கட்டு. நான் சரியாக்கிட்டுக் கொண்டு வாறேன், அப்ப பாத்துப் போடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வாறியளா?" என்றார்.

போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் இருந்த ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, எக்கோவ எடுங்க."

"மோளே, எக்கோ இல்லேன்னா ஒருத்தனும் வாங்கமாட்டான்."

"வாங்காட்டா போவட்டு. எனக்க சத்தம் கேக்கணும்."

"கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏத்தியாச்சு. இனி மாத்துகது கஷ்டம்."

"எனக்கு லீவு இருக்கு. நான் இருக்கேன்."

இருந்தார். கையில் சோற்றுப் பொதி, குடிக்க வெள்ளம், ஜெபமாலை எல்லாம் கொண்டு வந்திருந்தார். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. வேறு ஆட்கள் பாட வந்தார்கள், போனார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆகும்போது ஸ்டுடியோக்காரர் பெருமூச்சு விட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எக்கோவை எடுத்தார். டிரம்ஸை எடுத்தார். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கக் குரல் கிட்டே வந்தது. கடைசியில் குரலும் ஒரு ஆர்மோனியமும் மட்டும் மிஞ்சின. அவரே கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஆளுக வாங்கமாட்டாவ" என்று மறுபடியும் சொன்னார், ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

புதிய சிடிக்கு நான் மூன்றரை நட்சத்திரம் போட்டேன். குவைத்துக்குக் கிளம்புமுன் ஸ்டெல்லா மறுபடியும் படியேறி வந்தார்.

"அந்த மிச்சம் ஒண்ணரை எங்க?"

"ரெண்டாவது பாட்டுல சுருதி கொஞ்சம் எறங்குது."

"எனக்கும் தெரியும்" என்று சிரித்தார். "அடுத்த லீவுல சரியாக்குகேன்." அடுத்த லீவில் வேறு ஆல்பம் பாடினார். அதற்கு நாலு போட்டேன். முட்டத்துப் பங்குத் திருவிழாவில் அந்தப் பாட்டுகளை இப்போதும் பாடுகிறார்கள் என்று கேள்வி. எழுதியவர் பெயர் பாடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாதாம்.

ஸ்டுடியோக்காரர் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார். கொஞ்ச காலம் எங்கள் பின்னட்டையில் கீழே இருந்த சிப்ஸ் கடை விளம்பரம் வந்தது. ஆசிரியர் என்னைப் போகச் சொல்லவில்லை. அந்த வருத்தத் தாளைக் கிழித்து அதிலேயே சிப்ஸ் வைத்துத் தின்றார்.

பத்திரிகை நின்று பல வருஷமாகிவிட்டது. ஆசிரியர் இறந்துபோனார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை. சிடி போட்டுக் கேட்க என்னிடமும் கருவி இல்லை. நட்சத்திரங்கள் மட்டும் இப்போது போனிலேயே, கேட்காமலே, முன்னைவிட அதிகமாக விழுகின்றன. யார் போட்டார்கள், ஏன் குறைத்தார்கள் என்று மழையில் நனைந்துகொண்டு போய்க் கேட்கலாம் என்றால், கேட்பதற்கு எங்கும் ஒரு படிக்கட்டு இல்லை.