வெள்ளைச் சட்டை காட்டிக்கொடுத்த தண்ணீர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மைசூரு ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு புது லேஅவுட்டில், விலைக்கு வந்திருந்த வீட்டுக்குள் நின்றிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகன், என் கொழுந்தனார், அவர் பிடித்து வந்த புரோக்கர். ஆக ஐந்து பேர். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவையும் சேர்த்தால் ஆறு. அவரைச் சேர்த்தே ஆக வேண்டும்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஹனூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். விஜயநகரில் ஒரு புங்கமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு, அப்போதே பத்தொன்பது வருஷமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் தொழிற்சாலை வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் சம்பளத்தை நம்பித்தான் வங்கி கடன் தருவதாகச் சொல்லியிருந்தது.

எனக்குப் பயந்த சுபாவம். இஸ்திரிப் பெட்டியில் கங்கு அணைந்துவிட்டதா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். வீடு பார்க்க ஆரம்பித்ததும் அது இன்னும் அதிகமாகிவிட்டது. நான் துணி தேய்க்கிற விஜயநகரில் எங்களால் ஒரு வாசப்படிகூட வாங்க முடியாது. வாங்க முடிகிற இடங்களில் எல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். ஒன்று பள்ளத்தில் இருந்தது. இன்னொன்றில் மகன் ஷிப்ட் முடிந்து வரும்போது தெருவிளக்கு இருக்காது. வேறொன்றில் பத்திரம் ஜெராக்ஸ்தான் காட்டினார்கள். "ஏனுங்க அண்ணி, ஏழாவதோட பள்ளிக்கூடத்தை விட்டீங்க, கொஸ்டின் பேப்பரை மட்டும் கையோட கொண்டாந்துட்டீங்களா" என்று கொழுந்தனார் கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அன்று காலை கிளம்பும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு ஒரு நாள் பயப்படாம இரு புள்ள. தம்பி நமக்காக அலையறான்." அவர் மடியில் இருந்த பையில் ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸ் இருந்தது. ஊரில் எங்கள் பங்குக்கு வந்த துண்டு நிலத்தை விற்ற காசும், என் சீட்டுப் பணமும். அது போனால் திரும்பச் சேர்க்க எங்களுக்கு வயசு இல்லை.

வீடு நன்றாகவே இருந்தது. பளபளவென்று டைல்ஸ், அகலமான தெரு, எதிரே பார்க் வரப்போகிறதாம். புரோக்கர் சமையலறைக் குழாயைத் திறந்து ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். "காவேரி நீருங்கம்மா. குடிச்சுப் பாருங்க, ஆமேல பேசலாம்" என்றார். ஆமேல என்றால் கன்னடத்தில் அப்புறம். குடித்துப் பார்த்தோம். இனிப்பாகத்தான் இருந்தது. கொழுந்தனார் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். மகன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு வீடு பிடித்துவிட்டது. எனக்கும்தான் பிடித்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆண்கள் கீழே பேசட்டும் என்று நான் மாடிக்குப் போனேன். பக்கத்து மாடி கை எட்டும் தூரம். அந்த அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். கன்னடத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப சீக்கிரம் குடி வந்துடுங்க. இந்தப் பக்கம் இஸ்திரிக்காரங்க ஒருத்தருக்கும் கை சரியில்லை. வெள்ளைத் துணி எது போட்டாலும் தீச்சுத்தான் தர்றாங்க. மூணு பேரை மாத்திட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. யாரென்றே தெரியாத மூன்று பேருக்காக ரோஷம் வந்தது. "அந்தத் துணியைக் காட்டுங்கக்கா" என்றேன். உள்ளே போய் மகளின் யூனிஃபார்ம் சட்டை ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். வெள்ளைச் சட்டையில் டீ கொட்டின மாதிரி பழுப்புத் திட்டுகள்.

நான் அதைத் தடவிப் பார்த்தேன். தீய்ந்த துணி நொறுங்கும், பெட்டியின் ஓரம் கோடாகத் தெரியும். இது அப்படி இல்லை. காலர் அடியில், பாக்கெட் மூலையில், தையல் ஓரத்தில் மட்டும் திட்டு. தண்ணீர் கடைசியாகக் காய்கிற இடங்கள் அவை. துணியே அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை நானே அடிவாங்கியிருக்கிறேன். விஜயநகரில் ஒரு வீட்டு வெள்ளைச் சட்டையில் பெட்டியை வைத்ததுமே மஞ்சள் எழும்பிவிட்டது. நான் தீய்த்துவிட்டேன் என்று நானே நம்பி, தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. ஒரு மாதம் கழித்து அந்த வீட்டு அம்மாவே வந்து சொன்னார், குழாய் ரிப்பேராகி அந்த நாட்களில் போர்வெல் தண்ணீரில்தான் துவைத்தார்களாம். அந்தத் தண்ணீரில் இருக்கிற இரும்புக் காவி துணியில் ஊறிக் கிடந்து, சூடு பட்டதும் மேலே வந்துவிடுகிறது. பணத்தை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து துணியைத் தொட்டாலே எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன்.

"உங்களுக்குப் போர் தண்ணியாக்கா?" என்று கேட்டேன்.

"வேற என்ன? காவேரிக்குப் பைப்பு மட்டும் போட்டு வெச்சிருக்காங்க. குடிக்கறதுக்கு டேங்கர்." தண்ணீரில் இருக்கிற காவிதான் சூடு பட்டுத் திட்டாகிறது என்று சொன்னேன். "அப்ப அவங்க மேல தப்பில்லையா? போன வாரம் ஒருத்தரை வாசல்லயே நிக்க வெச்சுத் திட்டி அனுப்பினேனே."

எனக்கு அவரைத் தேற்ற நேரம் இல்லை. கீழே பை ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். இப்போது பேசினால் வழக்கம்போல நான்தான் கெடுத்தேன் என்பார்கள். பேசாமல் விட்டால் நல்ல தண்ணீர் வராத வீட்டுக்குப் பதினைந்து வருஷம் என் மகன் கடன் கட்டுவான்.

"பணத்தைக் குடுக்காதீங்க. இங்க காவேரி வர்றதில்லை. நாம குடிச்சது தொட்டியில ஊத்தி வெச்ச டேங்கர் தண்ணி" என்று சொல்லி, பக்கத்து வீட்டுச் சட்டையில் இருந்த போர் தண்ணீர்க் கறையைக் காட்டினேன்.

புரோக்கர் சிரித்தார். "அம்மா, அது அவங்க சோப்பு சரியில்லை." கொழுந்தனாருக்குக் கோபம். "ஒரு சட்டை மஞ்சளா இருக்குன்னு வீட்டை வேண்டாங்கறீங்களா அண்ணி? இனிமே துணியைப் பார்த்தே ஜாதகமும் சொல்லுவீங்களா?" வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

நான் வாசலுக்குப் போய், தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டிக்குக் காவேரித் தண்ணீர் வரவேண்டிய குழாயைத் திறக்கச் சொன்னேன். மகன்தான் குனிந்து திருகினான். புஸ்ஸென்று காற்றுகூட வரவில்லை. "இன்னைக்கு நீரு விடற நாள் இல்லைம்மா" என்றார் புரோக்கர்.

"சரிங்க. எந்த நாள் விடுவாங்கன்னு சொல்லுங்க. அன்னைக்கு வர்றோம். தண்ணியைப் பிடிச்சுட்டு இங்கேயே அட்வான்ஸ் குடுக்கறோம்."

"சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்களேம்மா."

"வரட்டுங்க. அவங்களுக்குக் குடுத்துடுங்க."

இதை நானா சொன்னேன் என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. மகன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அம்மா கேக்கறது நியாயம்தானே சித்தப்பா" என்றான். வீட்டுக்காரர் பையை மூடினார். எந்த நாள் என்று அந்தப் புரோக்கர் இன்றுவரை சொல்லவில்லை. சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு வீடு பார்க்கிற பொறுப்பு என் கைக்கு வந்தது. ஞாயிறு காலையில் மூன்று பேரும் கூட்ஸ் ஆட்டோவில் போவோம். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஏரியாவில் வண்டி போட்டிருக்கிற இஸ்திரிக்காரரிடம் நிறுத்துவேன். தேய்க்க வந்த துணியைத் தொட்டுப் பார்ப்பேன். தொழில்காரருக்குத் தொழில்காரர் ஒளிப்பதில்லை. "இந்த ரோடு வரைக்கும் நல்ல தண்ணிக்கா, அந்தப் பக்கம் போயிடாதீங்க" என்று தெருத் தெருவாகச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் மட்டுமா, எந்தத் தெருவில் மழைக்குச் சாக்கடை பொங்கும், எந்த வீட்டுச் சொந்தக்காரர் கடனில் இருக்கிறார், எல்லாமே அவர்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது ஞாயிறு மேட்டகள்ளி பக்கம் ஒரு வீடு அமைந்தது. இருபதுக்கு முப்பது அடி மனை, பழைய வீடு, இரண்டே அறை. பார்க் இல்லை, டைல்ஸ் இல்லை. தெருக்கொடியில் காய்ந்த வேட்டிகள் மல்லிகைப்பூ மாதிரி இருந்தன. வங்கி விண்ணப்பத்தில் மகன் என் பெயருக்கு எதிரே வேலை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தான். அதை அடித்துவிடச் சொல்லி, இஸ்திரித் தொழில் என்று எழுத வைத்தேன். பத்திரத்தில் என் பெயரும் மகன் பெயரும், அதில் முதல் பெயர் என்னுடையது.

கொழுந்தனார் ஆறு மாதம் பேசவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தார், சாப்பிட்டார். அந்த லேஅவுட்டுக்கும் சீக்கிரம் காவேரி வந்துவிடும் என்று இன்னும் சொல்கிறார். வரட்டும். அங்கேயும் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள், அந்த அம்மா வீட்டுச் சட்டையும் வெளுக்கட்டும்.

என் பயம் ஒன்றும் குறையவில்லை, இப்போதும் கங்கு அணைந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். ஆனால் அன்றிலிருந்து என் சந்தேகத்துக்காக நான் வெட்கப்படுவதில்லை. வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்று யார் கேட்டாலும் குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறேன்: பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.