சின்ன மாமாவின் கடல்

என் தொழில் என்னவென்று அண்ணைக்கு இன்னும் விளங்கவில்லை. நான் கதைவிளையாட்டுகள் உருவாக்குகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்வது என்று தாங்களே முடிவெடுப்பார்கள். நினைத்தது பலிக்குமா என்பதைக் கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். அந்த உலகத்தையும் விதிகளையும் எழுதுவதுதான் என் வேலை. "உன்னைப் படிப்பிச்சு விட்டது தாயம் எறியவோடி?" என்று அண்ணை கேட்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் ஆட்டப்பெட்டியில் என் பெயர் பெரிதாகவே அச்சாகியிருக்கிறது. அதை அவருக்கு அடிக்கடி காட்டுவேன்.

பல்கலைக்கழகத்தில் சிநேகிதி ஒருத்தி இப்படியொரு பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் அதிசயப்பட்டார்கள். எனக்கு அது புதிதாக இல்லை. அச்சுவேலிக்குப் பக்கத்து இடம்பெயர்ந்தோர் முகாமில், மண்தரையில், அதைவிடக் கடினமான ஆட்டத்தை நான் ஆடியிருந்தேன்.

அதை உண்டாக்கியவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் கடற்கரையில் இருந்தது. முள்ளுக்கம்பி அடித்து இராணுவம் இருந்ததால் ஒருவரும் அங்கே போக முடியாது. நான் முகாமில் பிறந்தவள். அப்போது ஊரைக் கண்டதே இல்லை. ஊரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வந்த மாமா, முகாமில் இருந்தபோது சந்தையில் வெங்காய மூட்டை சுமந்தார். பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அவரே கடலாகிவிடுவார். நாங்கள் வள்ளக்காரர். காற்றும், மின்னலும், மீன் வாங்க வரும் முதலாளியும் அவர் வாயிலிருந்தே வந்தார்கள். சோகி என்று நாங்கள் சொல்லும் சோழிகளை எறிவோம். பாதிக்கு மேல் நிமிர்ந்து விழுந்தால் நினைத்தது நடக்கும்.

ஆனால் ஒரு வள்ளத்தையும் அவர் எங்கள் ஊர்க்கரைக்கு விட்டதில்லை. கரை தெரியத் தொடங்கியதும் ஏதாவது வந்து கவிழ்க்கும். அதனாலேயே, முதலில் கரை சேர்பவள் நானாக இருக்க வேண்டும் என்ற வெறி எனக்குள் ஏறியிருந்தது.

ஒருநாள் கரை தெரிந்ததுமே, "பாயை இறக்கிட்டன். தண்டு வலிச்சுக்கொண்டு வாறன்" என்றேன்.

"வாடைக்காத்து திரும்புதடி."

"திரும்பட்டும். என்னட்டைப் பாய் இல்லை."

"நீரோட்டம் இழுக்குது."

"நங்கூரம் போட்டிட்டன். ஓட்டம் அடங்குமட்டும் நிப்பன்."

மாமா சிரித்துவிட்டார். "உதெல்லாம் ஆரடி உனக்குச் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தான். அண்ணையின்ரை வள்ளத்தை உப்பிடித்தானே கவிட்டனீங்கள்."

"இவள் வள்ளம் ஓட்டினால் கடல் வத்திப்போகும்" என்றார் அண்ணை.

சோகிகளை எறிந்தேன். எல்லாமே நிமிர்ந்து விழுந்தன. மாமா அவற்றை வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வள்ளத்தை மணலிலை ஏத்திட்டன். ஒழுங்கையாலை நடந்து வாறன். எங்கடை வீட்டுப் படலையைத் திறக்கிறன். என்ன தெரியுது, மாமா?"

கடல் முழுவதற்கும் குரல் கொடுத்த மாமா சோகிகளைத் தன் பக்கம் கூட்டி ஒதுக்கினார். "உது ஆட்டத்திலை இல்லை, பிள்ளை" என்றார்.

அம்மா வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் ஆட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. தலை நிமிராமலே சொன்னார்: "அந்தப் படலை இறுக்கமடி. கொஞ்சம் தூக்கித் திறக்கவேணும்."

நான் தூக்கித் திறந்தேன்.

"இடக்கைப் பக்கம் கிணறு. தண்ணி அள்ளுற துலா தலையிலை இடிக்கும், குனிஞ்சு வா."

"முருங்கையை விட்டிட்டாய், அக்கா" என்றார் மாமா. குரல் மெல்லியதாக இருந்தது.

"முருங்கை வீட்டுக்குப் பின்னாலை, கோடிப்பக்கமடா."

"இல்லை, கிணத்தடியிலை. நான் விழுந்து கை முறிச்ச மரம் எனக்குத் தெரியாதோ?"

"நீ விழுந்தது பக்கத்து வளவு மாமரத்திலை இருந்து. மாங்காய் களவெடுக்கப் போய்."

இருவரும் அப்படியே தொடர்ந்தார்கள். அம்மாவின் கை தேங்காயில் நின்றுபோயிருந்தது. காற்று இல்லை, ஆபத்து இல்லை, ஒருவரும் சோகி எறியவும் இல்லை. அண்ணை எழுந்து பந்தடிக்கப் போய்விட்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு கம்பியை அகற்றினார்கள். காணி திரும்பக் கிடைத்தது. போய்ப் பார்த்தோம். புதர் மண்டிய பற்றைக்குள் எது எங்களுடைய வளவு என்று அம்மாவாலும் மாமாவாலும் சொல்ல முடியவில்லை. புயலுக்கும் பூதத்துக்கும் நான் இலகுவாக விதி எழுதிவிடுவேன். என் ஆட்டங்களில் யாராவது வீடு திரும்பினால் மட்டும், அந்த இடத்தில் நாட்கணக்காக எழுதாமல் இருந்துவிடுகிறேன்.

ஆட்டத்தில் கரை சேர்ந்த அன்று எனக்கு ஏழெட்டு வயது. வென்றும் ஒருவரும் கைதட்டவில்லை என்ற கோபம்.

"ஒண்டும் நடக்கேல்லையே அம்மா. இது ஆட்டமே இல்லை."

"பொறு பிள்ளை" என்றார் அம்மா. "நாங்கள் இன்னும் உள்ளுக்குப் போகேல்லை."

எனக்குப் பசித்தது. சோகிகளைப் பொறுக்கி தகர ரின்னில் போட்டு மூடினேன். கரை சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன்.