ராகு காலத்து ஏலம்

விளாங்குடி ஓட்டல்களுக்கு வாழை இலை சப்ளை நான். திருப்பரங்குன்றத்துக் கல்யாண மண்டபங்களுக்கு என் தங்கையின் கணவர். ஒருவர் எல்லையில் மற்றவர் கால் வைத்ததில்லை.

திடீரென்று ஓட்டல்காரர்களும் மண்டபக்காரர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். இனி எல்லாச் சாமானையும் சேர்ந்தே வாங்குவார்களாம், அதுவும் ஆன்லைன் ஏலத்தில். குறைந்த விலைக்குத் தருபவனுக்கே மொத்த ஆர்டரும். ஏலத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. திரையில் விலை மட்டும் இறங்கும். எங்கள் இருவரில் ஒருவர் பிழைப்பு போவது நிச்சயம்.

முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். என் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "மச்சான், நான் இந்த எழவுல கலந்துக்கல. நீங்களே போடுங்க. கெடைச்சா எனக்குப் பாதி ஒதுக்குங்க." நம்பினேன். பாதி தருவதாக வாக்கும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏலம் தொடங்கியது. நான் ஒரு ரூபாய் குறைத்தால் எவனோ ஒருவன் உடனே இரண்டு ரூபாய் குறைத்தான். திண்டுக்கல்காரனாக இருக்கும் என்று அவன் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன். பத்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, நான் குறைக்காமலேயே மேலும் ஐந்து ரூபாய் குறைத்துவிட்டு அவன் சட்டென்று நின்றான்.

பத்தரைக்கு ராகு காலம். அந்த நேரத்தில் வாய் திறந்து விலை சொல்லாத இலை வியாபாரி எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வந்த ஆளைப் பன்னிரண்டு வரை கடையிலேயே உட்காரவைத்துவிடுவார். பத்தரைக்குள் நான் ஓய்ந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார் என் வீட்டுச் சோற்றைத் தின்றவர்.

ஏலம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் அவசரப்படவில்லை. டீ வாங்கிக் குடித்தேன். கடைசி நிமிடத்தில் அவர் விலைக்கும் கீழே ஒரு ரூபாய் குறைத்தேன். ஆர்டர் எனக்கு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவர் அதைப் பார்த்திருப்பார் என்று நினைக்க நினைக்க இனித்தது. அந்த விலையில் எனக்கும் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சாவிட்டால் போகட்டும்.

மதியம் தங்கை போனில் அழுதாள். "எந்தப் பாவியோ எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டான்ணே. அவன் வெளங்குவானா?"

விளங்கமாட்டான் என்றேன். போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாப்ள, பன்னெண்டு தாண்டிருச்சு. இப்பப் பேசலாம்ல?"

பக்கத்தில் தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்: "அண்ணே என்ன சொல்றாக? ஏங்க, அண்ணே என்ன சொல்றாக?"